சர்க்கரை எத்தனை வருஷமா?

கேஸ் ஷீட்டில் இருந்தது ஒரே வரி: ‘சர்க்கரை நோய், 8 ஆண்டுகளாக.’ இரவுப் பணியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் நின்றவாக்கில் எழுதியது. அந்த எட்டு தவறு என்று காட்டிப் பணத்தை வாங்க எங்களுக்குப் பத்து மாதம் பிடித்தது.

சேலம் நாலு ரோடு பக்கம் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு பதினெட்டு வருஷமாகக் காப்பீட்டு முகவர் வேலை பார்க்கிறேன். இங்கே எழுதுவது என் மூலமாகப் பாலிசி எடுத்த ஒரு குடும்பத்துக்கு நடந்தது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், கம்பெனி வேண்டாம், மருத்துவமனை எது என்று வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஏக்கர் காபி, நிழலுக்கு நிற்கும் சவுக்கு மரங்களில் மிளகுக் கொடி. ஊரில் எல்லோரும் சவுக்கு என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது சில்வர் ஓக்.

இதில் என் தப்பும் ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம்.

2021 பிப்ரவரி. கொரோனா முதல் அலை அடங்கியிருந்தது, பயம் அடங்கவில்லை. அந்த வீட்டுப் பையன் சேலத்தில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கணக்கு பார்க்கிறான். அவன்தான் போன் போட்டான். “அக்கா, அப்பா அம்மாவுக்கு ஒரு பாலிசி போட்டுடலாமா?” அப்பாவுக்கு அப்போது 54 வயது. இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஃபேமிலி ஃப்ளோட்டர். விண்ணப்பம் ஆன்லைனில். சர்க்கரை உண்டா, பிபி உண்டா, நெஞ்சு வலி வந்ததுண்டா, அறுவை சிகிச்சை நடந்ததுண்டா என்று வரிசையாகப் பதினான்கு கேள்வி. நான் போனில் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்பாவுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லைக்கா, கல்லு மாதிரி இருக்கார்.”

பதினான்கு கட்டத்திலும் ‘இல்லை’ என்று அழுத்தினேன். அவன் போனுக்கு ஓடிபி வந்தது, படித்துச் சொன்னான், முடிந்தது. இப்போதெல்லாம் அந்த ஆறு எண்தான் கையெழுத்து. காகிதமாக இருந்தால் கையெழுத்துப் போடும் நேரத்திலாவது ஒருவர் கண்ணை ஓட்டியிருப்பார்.

அந்த இரவு

2024 டிசம்பர், காபிப் பழம் பறிக்கும் மும்முரம். சாயங்காலம் மூட்டையை இறக்கி வைத்த அப்பாவுக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு. வாயு என்று ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறார். அரை மணி நேரத்தில் சட்டை நனைய வேர்த்துவிட்டது. நல்ல வேளையாக அந்த அம்மா காத்திருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜீப்பில் ஏற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரல் நான்கு, அடார்வாஸ்டாடின் எட்டு, ஆக 14. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதுதான். மாரடைப்பு என்று தெரிந்தால் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்வரை ரத்தம் மேலும் உறையாமல் பார்த்துக்கொள்ளும் முதல் மருந்து. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டிய மலைக்காரர்களுக்கு அந்த 14 மாத்திரையின் அருமை தெரியும்.

108 வண்டி இறங்கிவரும்போதே பையன் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் சொல்லி வைத்துவிட்டான். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலும் இதய அடைப்பை நீக்கும் கேத் லேப் உண்டு. ஆனால் ‘பாலிசி இருக்கே’ என்ற தைரியம். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தைரியத்துக்காகத்தானே நான்கு வருஷம் பிரீமியம் வாங்கினோம்.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்டிருக்கிறார்: “சர்க்கரை இருக்கா?”

“இருக்குங்க, மாத்திரை சாப்பிடறார்.”

“எத்தனை வருஷமா?”

பையன் சேலத்திலேயே தங்கி வேலை பார்ப்பவன். அவனுக்குச் சரியாகத் தெரியாது. அம்மாவைப் பார்த்தான். அம்மா ஸ்ட்ரெச்சரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, “அது ஆச்சு, எட்டு வருஷம் இருக்கும்” என்றார். பேனா எட்டு என்று எழுதியது. அந்த நேரத்தில் யாருக்கும் அது ஒரு எண்ணாகவே படவில்லை.

அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஒரு ஸ்டெண்ட், அதாவது சிறு வலைக்குழல், வைத்தார்கள். ஆள் பிழைத்தார். பில்லைக் கம்பெனியே நேராகக் கட்டும் பணமில்லாச் சிகிச்சைக்கு மருத்துவமனையிலிருந்து கம்பெனிக்குக் கேட்டு அனுப்பினார்கள். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட சுற்றறிக்கைப்படி ஒரு மணி நேரத்துக்குள் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். சொன்னது. ‘எட்டு வருடச் சர்க்கரை நோய் விண்ணப்பத்தில் இல்லை, பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி இல்லை, பிறகு ரசீதுகளோடு விண்ணப்பிக்கவும்.’ ஒரு மணி நேரம் என்ற விதி பதிலுக்குத்தான், பணத்துக்கு இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது.

பில் 2,34,400 ரூபாய். அம்மாவின் நகையை வைத்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் இரண்டு லட்சம், மீதிக்குப் பட்டறை முதலாளியிடம் கைமாற்று.

கம்பெனியின் வாதம்

ரசீது எல்லாம் சேர்த்து அனுப்பினோம். ஜனவரியில் கம்பெனி தரப்பிலிருந்து ஒருவர் விசாரணைக்கு மலை ஏறி வந்தார். மரியாதையான ஆள்தான் என்று அந்த அம்மாவே சொன்னார். காபி குடித்தார், தோட்டத்தைப் பார்த்தார், ஒரு தாளில் நான்கு வரி எழுதி, “படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா” என்றார். கண்ணாடி உள்ளே இருந்தது. எடுக்க எழுந்திருக்கவில்லை. போட்டுவிட்டார்.

பிப்ரவரியில் கடிதம் வந்தது. பாலிசி எடுக்கும் முன்பே இருந்த சர்க்கரை நோயை மறைத்ததால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது, பாலிசியும் ரத்து செய்யப்படுகிறது. ஆதாரம் இரண்டு: கேஸ் ஷீட்டின் எட்டு, அந்த அம்மா கையெழுத்திட்ட தாளின் எட்டு.

கணக்கு எவ்வளவு குறுகலாக விழுந்தது என்று பாருங்கள். பழைய நோய்களுக்குப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் இவர்கள் பத்திரத்தில் 48 மாதம். மாரடைப்பு வந்தது 46-வது மாதம். 2024-இல் வந்த புதிய விதி இந்தக் காத்திருப்பை அதிகபட்சம் 36 மாதம் ஆக்கிவிட்டது. ஆனால் இவர்கள் கடைசியாகப் புதுப்பித்தது அந்த விதி நடைமுறைக்கு வரும் முன்பு, பழைய வாசகத்தோடு. அதேபோல் தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. முன்பு இது 8 வருஷமாக இருந்தது, இப்போது 5. அதற்கும் இவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பாக்கி. எந்த வேலிக்குள்ளும் விழாமல் நடுவில் நின்றார்கள்.

எனக்கும் அப்போது சந்தேகம்தான், ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருவேளை பையனுக்கே தெரியாமல் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்திருக்குமோ? அப்படியானால் கம்பெனி சொல்வது சரி. நானும் அவர்களுக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்கக் கூடாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரில் மேலே போனேன்.

இரண்டு டம்ளர்

வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் (பையனின் அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) திண்ணையில் உட்கார்ந்து கோழி வராமல் குச்சியோடு காவல். முன்பெல்லாம் உட்காரவே மாட்டார். அந்த அம்மா இரண்டு டம்ளர் கொண்டுவந்து ஒன்றை என்னிடமும் ஒன்றை அவரிடமும் கொடுத்தார். கை மாறிவிட்டது போல, நான் ஒரு வாய் குடித்ததும் நாக்கு கசந்தது.

“ஐயோ, அது அவரோடது கண்ணு. அவருக்குச் சர்க்கரை போடறதில்லை.”

“டாக்டர் சொன்னதிலிருந்தா?”

“டாக்டர் எங்க சொன்னாரு? அதுக்கு முன்னாடியே. ஏதோ காபி ருசி பார்க்கற பயிற்சின்னு போயிட்டு வந்தாரு. சர்க்கரை போட்டா காபி ருசி தெரியாதுன்னு அன்னிக்கு விட்டவருதான். சர்க்கரையை விட்டு எட்டு வருஷம் ஆச்சு.”

டம்ளரைக் கீழே வைத்தேன். “எட்டு வருஷமா எந்தச் சர்க்கரை?”

“காபிக்குப் போடற சர்க்கரைதான்.”

நம் மொழியில் டப்பாவில் இருப்பதும் சர்க்கரை, ரத்தத்தில் இருப்பதும் சர்க்கரை. ‘சர்க்கரை எத்தனை வருஷமா’ என்ற கேள்வி அந்தப் பதற்றத்தில் அவர் காதில் எப்படி விழுந்ததோ, அவர் மனதில் தயாராக இருந்த எட்டு வெளியே வந்துவிட்டது. விசாரணைக்கு வந்தவரிடமும் சர்க்கரை போடாத காபியைக் காட்டி இதையேதான் சொல்லியிருக்கிறார். அவரும் எழுதிக்கொண்டார். யாரும் பொய் சொல்லவில்லை.

சரி, நோய் எப்போது தெரிந்தது? “அந்தத் தன்னார்வலப் பொண்ணு வந்து விரல்ல குத்திப் பார்த்துச்சே, அப்பதான்.” மக்களைத் தேடி மருத்துவம், 2021 ஆகஸ்டில் தொடங்கியது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரையைக் கொண்டுவந்து தருகிறார்கள். அதற்கான அட்டை ரேஷன் கார்டு உறைக்குள்ளேயே இருந்தது. முதல் பதிவு 2022 மார்ச். அளவு 214. அடுத்த வரியில், சுகாதார நிலையத்தில் உறுதி செய்து மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தொடங்கியதாகக் குறிப்பு. பாலிசி எடுத்துப் பதின்மூன்று மாதம் கழித்து.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கே இதில்தான் நின்றது. மருத்துவரீதியாகப் பார்த்தால் 214 என்பது நேற்று வந்த சர்க்கரையாக இருக்காது. 2021 பிப்ரவரியிலேயே உடம்பில் இருந்திருக்கலாம். கம்பெனியும் அதைத்தான் பிற்பாடு சொன்னது. ஆனால் ‘முன்பே இருந்த நோய்’ என்பதற்கு விதியில் உள்ள பொருள் வேறு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய குறிப்பிட்ட காலத்துக்குள் (இவர்கள் பத்திரத்தில் 48 மாதம், இப்போதைய விதியில் 36) டாக்டர் ஒருவர் கண்டறிந்து சொன்ன நோய், அல்லது டாக்டர் சிகிச்சை சொன்ன, சிகிச்சை பெற்ற நோய். உடம்புக்குள் யாருக்கும் தெரியாமல் இருந்தது கணக்கில் வராது. தெரியாததை ஒருவர் மறைக்க முடியாது. பாலிசி எடுத்த பிறகு வந்த சர்க்கரையை மறைத்ததாகவும் ஆகாது.

அட்டை இருந்தால் போதும் என்று நினைத்தேன். ‘அதற்கு முன்பு வேறெங்காவது பார்த்திருந்தால்?’ என்று கேட்பார்களே. அண்ணன்தான் கையைத் தூக்கிக் காட்டினார். இடது மணிக்கட்டில் ஒரு தழும்பு. 2019 ஜனவரியில் மிளகு பறிக்கும்போது மூங்கில் ஏணி சறுக்கி, எலும்பு முறிந்து, சேலத்தில் பிளேட் வைத்திருக்கிறார்கள். அறுவைக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் இருக்க மாட்டார்களே!

காகிதம் எங்கே? பரணில் ஒரு பழுப்பு எக்ஸ்ரே கவர் கிடைத்தது. எக்ஸ்ரே ஃபிலிம் அதில் இல்லை. அந்த வருஷம் டிசம்பர் 26 சூரிய கிரகணத்தைப் பார்க்கத் தெருப் பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனது, திரும்பி வரவில்லை. (எக்ஸ்ரே ஃபிலிமில் கிரகணம் பார்ப்பது கண்ணுக்குக் கேடு. அது வேறு கதை.) ஆனால் கவரின் அடியில் இரண்டாக மடித்த லேப் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 94. கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி: ‘சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை.’

சந்தோஷப்பட்டது ஒரு நிமிஷம்தான். விண்ணப்பத்தில் ‘அறுவை சிகிச்சை நடந்ததுண்டா’ என்ற கேள்விக்கு நான் ‘இல்லை’ என்று அழுத்தியிருக்கிறேன். இந்தச் சீட்டைக் காட்டினால் சர்க்கரை இல்லை என்பதும் நிரூபணம் ஆகும், அறுவையை மறைத்தோம் என்பதும் நிரூபணம் ஆகும்.

சக முகவர்கள் இருவரிடம் கேட்டேன். இருவருமே அட்டையை மட்டும் காட்டு, கவரைப் பரணிலேயே வை என்றார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பையனிடம் சொன்னேன்: “எல்லாத்தையும் கொடுத்துடலாம். ஃபாரம் நான் எப்படி நிரப்பினேன்னு நானே எழுதித் தர்றேன்.” கேள்விகளைத் தனித்தனியாகப் படித்துக் காட்டவில்லை, பொதுவாக ஒன்று மட்டும் கேட்டேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிழைப்புக்கு நான் நம்பியிருக்கும் கம்பெனிக்கே அதை அனுப்பும்போது கை நடுங்கத்தான் செய்தது.

மருத்துவமனையில் முழு கேஸ் ஷீட் நகல் கேட்டோம். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. ‘பில்லிங்கில் கேளுங்க, ரெக்கார்டில் கேளுங்க’ என்று நடக்க விட்டார்கள். ஒன்பதாவது நாள் கிடைத்தது. சிகிச்சை செய்த இதய மருத்துவர் நல்ல மனுஷர். அந்த எட்டு வருடம் உடன் வந்தவர் வாய்மொழியாகச் சொன்னது, அதற்கு ஆவணம் எதையும் தாங்கள் பார்க்கவில்லை என்று ஒரு சான்று கொடுத்தார். இதெல்லாம் டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே சம்மரியை வரி வரியாகப் படித்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

சென்னை வரை

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினோம். மறுப்பு உறுதி செய்யப்பட்டது என்று ஏப்ரலில் இரண்டு வரி பதில். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். பதிந்தோம், அதே பதில் சுற்றி வந்தது. மே மாதம் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்) போனோம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கேட்கலாம். கம்பெனி கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். நுகர்வோர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆகஸ்டில் விசாரணை, வீடியோவில். என் அறையில் பையனும் அப்பாவும் திரைக்கு முன்னால். நான் படத்தில் விழாமல் ஓரத்தில். முகவர் வாதாடக் கூடாது. கம்பெனி தரப்பில் மூன்று விஷயம் சொன்னார்கள்: எட்டு வருடம், 214 என்ற அளவு, மறைக்கப்பட்ட கை அறுவை. பையன் தடுமாறாமல் தேதி தேதியாகச் சொன்னான். அட்டை, 94 என்ற சீட்டு, டாக்டர் சான்று. மணிக்கட்டு எலும்புக்கும் இதய அடைப்புக்கும் தொடர்பில்லை என்று அது ஒதுக்கப்பட்டது. காபிக் கதையை அவன் சொன்னபோது திரையில் யாரோ சிரிப்பது கேட்டது. செப்டம்பரில் உத்தரவு வந்தது: பாலிசியைத் தொடர்ச்சி விடாமல் உயிர்ப்பிக்க வேண்டும், பத்திர விதிகளின்படி தொகையைத் தர வேண்டும்.

‘பத்திர விதிகளின்படி’ என்ற சொல்லில் இன்னொரு பள்ளம் இருந்தது. அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 5,000. இருவர் தங்கும் அறை 4,500-க்கு இருந்தது. பையன் அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று 7,500 ரூபாய் அறை கேட்டான். இரண்டு நாளுக்கு 5,000 ரூபாய் கூடுதல், கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. கம்பெனியின் கணக்கு அப்படிப் போகாது. தகுதி 5,000, எடுத்தது 7,500, ஆகவே மூன்றில் இரண்டு பங்கு. அந்த விகிதம் அறைக்கு மட்டுமல்ல, டாக்டர் கட்டணம், சிகிச்சைக் கட்டணம், நர்சிங் எல்லாவற்றின் மேலும் விழும். 90,000 ரூபாய் 60,000 ஆனது. மருந்து, ஸ்டெண்ட் மாதிரிப் பொருள்கள், பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றின் மேல் இந்த வெட்டு விழக் கூடாது, விழவில்லை. அறைக்கு அறை கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையிலும் வெட்டக் கூடாது. இந்த மருத்துவமனை மாற்றுகிற இடம். ஆக வாடகைக் கூடுதல் 5,000-ஐயும் சேர்த்து அந்த அறையால் போனது 35,000. கையுறை, பதிவுக் கட்டணம் வகையில் இன்னொரு 8,400. கைக்கு வந்தது 1,91,000 ரூபாய். நகையை மீட்கப் பத்து மாத வட்டி இருபதாயிரம்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லையே என்று சிலர் கேட்டார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இவர்கள் வருமானச் சான்றில் அது தாண்டுகிறது.

பணம் ஒரு பக்கம். அந்தப் பத்து மாதத்தில் வீட்டுக்குள் நடந்ததைத்தான் நான் சரியாகக் கவனிக்கவில்லை. ஜூன் மாதம் அந்தத் தன்னார்வலப் பெண் வழக்கம்போல் வந்தபோது, மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த மாத்திரைப் பட்டையையும் வாங்கி எண்ணிப் பார்த்திருக்கிறார். தீர்ந்திருக்க வேண்டியது பாதி மிச்சம். அண்ணன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டிருக்கிறார், ‘என்னால வந்த கடன்தானே’ என்று. ஸ்டெண்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் விட்டால் ஸ்டெண்டே அடைத்துக்கொள்ளலாம். அன்றைக்கே கீழே கூட்டிவந்து டாக்டரிடம் காட்டினார்கள். அவர் செலவைக் குறைக்க மாத்திரையின் விலை மலிவான வகையை எழுதிக் கொடுத்தார். கேட்டிருந்தால் முதல் நாளே எழுதியிருப்பார்.

அம்மா வேறு மாதிரி. எட்டு என்று சொன்னது தான் என்று தெரிந்த பிறகு வெளியாள் யார் என்ன கேட்டாலும் “எனக்குத் தெரியாது, பையனைக் கேளுங்க” என்றே சொன்னார். பையனுக்குத் தூக்கம் போயிற்று. பட்டறையில் கூட்டல் தப்பாகிறது என்று முதலாளி என்னிடமே சொன்னார். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது என்று எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டானா என்று நான் கேட்கவில்லை.

நவம்பரில் அவனே என் அறைக்கு வந்தான், கையில் ஒரு தட்டுவடை செட் பார்சலோடு. அவனுக்கு இப்போது 29. தனக்கு ஒரு டேர்ம் பாலிசி, அதாவது ஆயுள் காப்பீடு, வேண்டும் என்றான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதையும் பார்த்து வைத்திருந்தான். லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்தேன். பெற்றோருக்கு 60 வயதுக்குள் இதய நோய் வந்ததுண்டா என்று ஒரு கேள்வி.

“இதைப் போட்டா பிரீமியம் ஏறுமாக்கா?”

“ஏறலாம். போடாம விட்டா மூணு வருஷத்துக்குள்ள உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மா மறுபடி அலையணும்.” ஆயுள் காப்பீட்டில் 45-வது பிரிவு அப்படி. மூன்று வருஷம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது, அதற்குள் கேட்கலாம்.

அவன் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தான். பிளாஸ்டிக் உறைகளில் தேதி வாரியாகக் காகிதங்கள், முதலில் அந்த எக்ஸ்ரே கவர். டிஸ்சார்ஜ் சம்மரியைப் புரட்டி, “57 வயசு, மாரடைப்பு, ஒரு ஸ்டெண்ட்” என்று படித்தான். அப்படியே தட்டச்சு செய்தேன்.

அடுத்த கேள்வி: “உனக்குச் சர்க்கரை இருக்கா?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “பார்த்ததே இல்லைக்கா.”

கீழே தெருமுனை லேப் எட்டு மணி வரைக்கும் திறந்திருக்கும். லேப்டாப்பை மூடினேன். தட்டுவடை செட்டைப் பிரிக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டு இரண்டு பேரும் படி இறங்கினோம்.